17-வது இடமும் நம்ம ஊர்க் கிணறும்

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கிறேன் மக்களே.

ஒலிம்பிக்கில் சென்னையைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் ஒரே படகில் ஏறி இந்தியாவுக்காகப் போட்டியிட்டாங்க. அவங்க பேர் என்னன்னு கூகுள் பண்ணாமச் சொல்ல முடியுமா?

பெரும்பாலானோருக்குத் தெரியாது. அதுல தப்பில்லை. நமக்கு யாரும் சொல்லலை, அவ்வளவுதான்.

அவங்க பேர் கே.சி. கணபதி, வருண் தக்கர். கொரோனாவால் ஒரு வருஷம் தள்ளிப்போய் 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், இரண்டு பேர் ஓட்டும் 'ஃபார்ட்டி நைனர்' என்ற பாய்மரப் படகுப் பிரிவில் கலந்துகொண்டவர்கள். மொத்தம் 19 படகுகள். அவர்களுக்குக் கிடைத்தது 17-வது இடம்.

"17-வதா? இதுக்கு ஒரு பதிவா டாக்டர்?" என்று சிலர் இப்பவே ஸ்க்ரோல் பண்ணியிருப்பீங்க.

இருங்க. கடல் வாசனையே இல்லாத தருமபுரி மாவட்டத்தில், அரசு மருத்துவமனையில் டியூட்டி பார்க்கும் ஒரு எம்பிபிஎஸ் டாக்டர் பாய்மரப் படகு பற்றி எழுதக் காரணம் இருக்கு. நம்ம வீட்டுப் பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்ட காரணம். கடைசி வரை படிங்க.

முதலில் இந்தப் படகு என்னன்னு பார்த்துடுவோம்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜூலியன் பெத்வெய்ட் வடிவமைத்த படகு இது. நீளம் 4.99 மீட்டர், அதனால்தான் அந்தப் பேர். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அறிமுகமாகி இன்றுவரை இருக்கு. பெண்களுக்கான 'எஃப்எக்ஸ்' பிரிவு 2016 ரியோவில் சேர்ந்தது.

இன்ஜின் கிடையாது. காற்று மட்டும்தான். முன்பக்கம் பலூன் மாதிரி விரியும் பாயின் பரப்பு 38 சதுர மீட்டர், அதாவது சுமார் 400 சதுர அடி. ஒரு சின்ன வீட்டின் அளவு துணியை, நம்ம ஊர் மினி வேனை விடச் சற்றே நீளமான படகில் கட்டி, காற்றில் விட்டால் என்ன ஆகும்? பறக்கும். இல்லேன்னா கவிழும்.

கவிழாம இருக்கணும்னா இரண்டு பேரும் இடுப்பில் பட்டை கட்டி, பாய்மரத்திலிருந்து தொங்கும் கம்பியில் கொக்கியை மாட்டிக்கிட்டு, படகின் விளிம்பில் கால் வைத்து, உடம்பு முழுவதையும் தண்ணீருக்கு மேலே வெளியே சாய்த்து நிற்கணும். ஒருத்தர் கையில் சுக்கான், இன்னொருத்தர் கையில் பெரிய பாயின் கயிறு. கணபதி சுக்கான், வருண் கயிறு. ஒருத்தர் அரை நொடி தாமதிச்சாலும் இரண்டு பேரும் தண்ணிக்குள்ள.

இதில் மார்க் போடும் முறையும் வித்தியாசம். முதலில் வந்தால் 1 புள்ளி, பத்தாவது வந்தால் 10 புள்ளி. பல நாள், பல ரேஸ். மோசமான ஒரு ரேஸைக் கழிச்சுடுவாங்க. கடைசியில் யாருக்குக் குறைவான புள்ளியோ அவர்தான் சாம்பியன். ஒருநாள் அதிர்ஷ்டம் இங்கே செல்லாது.

இந்தப் படகின் பெரிய சாம்பியன்கள் நியூசிலாந்தின் பீட்டர் பர்லிங், பிளேர் டூக் ஜோடி. 2012 லண்டனில் வெள்ளி, 2016 ரியோவில் தங்கம். டோக்கியோவில் இங்கிலாந்து ஜோடியும் இவங்களும் தலா 58 புள்ளி. கடைசி ரேஸில் முன்னால் வந்ததால் தங்கம் இங்கிலாந்துக்குப் போச்சு. நாள்கணக்கா ஓட்டி, சமமா முடிச்சு, வெள்ளி. அப்படிப்பட்ட ஆட்கள் ஓட்டிய அதே கடலில்தான் நம்ம பசங்களும் ஓட்டினாங்க.

17-வது இடத்தைக் கேலி பண்றதுக்கு முன்னாடி இதையும் தெரிஞ்சுக்குங்க. அதே கணபதியும் வருணும் 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கினவங்க. அதே போட்டியில் எஃப்எக்ஸ் பிரிவில் சென்னையைச் சேர்ந்த வர்ஷா கௌதம், ஸ்வேதா ஷெர்வேகருடன் சேர்ந்து வெள்ளி வாங்கினாங்க. அதே வர்ஷா 2014 இஞ்சியான் ஆசியப் போட்டியில் ஐஸ்வர்யா நெடுஞ்செழியனுடன் இரண்டு பேர் படகான 'ட்வென்டி நைனர்' வகையில் வெண்கலம். தனி ஆள் படகில் சென்னையின் நேத்ரா குமணன், பாய்மரப் படகில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்.

இன்னும் பின்னாடி போனா, 1982 டெல்லி ஆசியப் போட்டியில் ஃபரூக் தாராப்பூர், ஸரீர் கரஞ்சியா ஜோடி 'ஃபயர்பால்' என்ற இரண்டு பேர் படகில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தாங்க. 1990-களில் ஹோமி மோட்டிவாலா, பி.கே. கார்க் ஜோடிக்குக் கேல் ரத்னா விருது சேர்த்தே கொடுக்கப்பட்டது. அந்த விருது தொடங்கி முதல் சில ஆண்டுகளிலேயே ஒரு படகின் இரண்டு பேருக்குப் போயிருக்கு. நமக்குத்தான் தெரியலை.

சரி டாக்டர், விளையாட்டுச் செய்தி போதும், உயிர் சமாச்சாரம் என்னன்னு கேக்குறீங்க. வரேன்.

ஏப்ரல், மே லீவு விட்டதும், அப்புறம் மழை பெய்து ஏரி, குளம், கிணறு நிறைந்ததும், எங்க அவசரப் பிரிவுக்கு ஒரே மாதிரி கேஸ்கள் வரும். மூன்று நான்கு பசங்க சேர்ந்து கிணத்துக்கோ, ஏரிக்கோ, அணைக்கோ குளிக்கப் போயிருப்பாங்க. ஒருத்தன் சறுக்குவான். அவனைக் காப்பாத்த இன்னொருத்தன் குதிப்பான். ஆட்டோவிலோ 108-லோ வரும்போது பெரும்பாலும் செய்ய ஒண்ணும் மிச்சம் இருக்காது. வெளியே அந்த அம்மா அழும் சத்தத்தை அரசு மருத்துவமனையில் வேலை பார்த்த எந்த டாக்டரும் நர்ஸும் மறக்க மாட்டாங்க.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி இந்தியாவில் ஆண்டுக்கு 30 ஆயிரத்துக்கும் அதிகமானோர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். உலகம் முழுக்க 2023-ல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கு. டெங்குவுக்கு நாம் பயப்படுறோம், சரிதான். ஆனா இதுக்கு?

"தருமபுரியில ஏது தண்ணி டாக்டர், குடிக்கவே ஒகேனக்கல் தண்ணிதானே" என்பீங்க. ஒகேனக்கல்ல காவிரி, மாவட்டத்துக்குள்ள தென்பெண்ணை, பஞ்சப்பள்ளி சின்னாறு, வாணியாறு, தொப்பையாறு, நாகாவதி அணைகள், காட்டுக்குக் காடு கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள், மேட்டூர் நீர்த்தேக்கத்தின் இந்தக் கரையில் நாகமரை, ஒட்டனூர். தண்ணி கம்மியான ஊர்லதான் இன்னும் ஆபத்து. வருஷத்துல பத்து மாசம் காய்ஞ்சு கிடந்த ஏரியில் திடீர்னு தண்ணி நிக்கும்போது, அதன் ஆழம் யாருக்கும் தெரியாது. நீச்சலும் தெரியாது.

இப்ப இரண்டையும் சேர்த்துப் பாருங்க.

ஃபார்ட்டி நைனர் ஓட்டும் ஒரு வீரர் தன் வாழ்நாளில் எத்தனை முறை தண்ணீரில் விழுந்திருப்பார்? கணக்கே இருக்காது. பயிற்சியில் கவிழ்வது அவங்களுக்குத் தினசரி வேலை. கவிழ்ந்த படகின் அடியில் நீட்டிக்கிட்டு இருக்கும் பலகை மேல ஏறி நின்னு, உடம்பு எடையைக் கொடுத்து, படகைத் திருப்பி நிமிர்த்தி, திரும்பவும் ஓட்டப் போயிடுவாங்க.

அவங்க விழுந்தும் பிழைக்கிறாங்க. நம்ம பசங்க ஒரே ஒரு முறை சறுக்கினா போயிடுறாங்க. வித்தியாசம் எங்கே?

அதிர்ஷ்டத்தில் இல்லை. நான்கே விஷயத்தில் இருக்கு.

ஒண்ணு, நீச்சல் தெரிஞ்ச பிறகுதான் படகைத் தொட விடுவாங்க.

இரண்டு, மிதவை அங்கி. ஒலிம்பிக் சாம்பியனா இருந்தாலும் அது இல்லாம ரேஸ் கிடையாது. "எனக்கு நீச்சல் தெரியும்"னு சொல்லி யாரும் கழற்றி வைக்க முடியாது.

மூணு, பக்கத்திலேயே மோட்டார் படகில் மீட்புக் குழு.

நாலு, கூட ஒருத்தர். கவிழ்ந்ததும் முதல் வேலை ஜோடியின் தலை தண்ணீருக்கு மேல் தெரியுதான்னு பார்ப்பது. படகும் பாயும் அப்புறம்தான்.

அந்த நாலாவது விஷயத்துக்கு ஒரு உண்மைக் கதை. 1988 சியோல் ஒலிம்பிக். பூசான் கடலில் திடீர்னு பலத்த காற்று. இரண்டு பேர் ஓட்டும் '470' வகைப் படகு ஒண்ணு கவிழ்ந்தது. சிங்கப்பூர் வீரர்கள். ஒருத்தர் கவிழ்ந்த படகைப் பிடிச்சுக்கிட்டு இருக்கார், இன்னொருத்தரை அலை இழுத்துக்கிட்டுப் போகுது. வேறொரு ரேஸில் இரண்டாவது இடத்தில் போய்க்கிட்டிருந்த கனடாவின் லாரன்ஸ் லெமியூ இதைப் பார்த்தார். பாதையை விட்டுத் திரும்பினார். இரண்டு பேரையும் தன் படகில் ஏற்றி, மீட்புப் படகு வரும்வரை காத்திருந்து ஒப்படைச்சார். பதக்கம் போச்சு. ஆனா ஒலிம்பிக் கமிட்டி அவருக்கு அபூர்வமான பியர் டி கூபர்டின் பதக்கம் கொடுத்து கௌரவிச்சது.

ஆபத்தில் இருப்பவருக்கு உதவுவது இந்த விளையாட்டின் விதிப் புத்தகத்திலேயே அடிப்படை விதி.

இதைப் படிச்சுட்டு யாரும் உணர்ச்சிவசப்பட்டுக் கிணத்துக்குள்ள குதிச்சுடாதீங்க. இதைத்தான் முக்கியமா சொல்ல வரேன். லெமியூ கையில் படகு இருந்தது, உடம்பில் பயிற்சி இருந்தது. வெறுங்கையோடு குதித்தால் மூழ்குறவர் உங்களையும் சேர்த்து அமுக்குவார். அது அவர் குற்றமில்லை, மூச்சுக்குத் தவிக்கும் உடம்பின் இயல்பு.

அப்ப என்ன செய்யணும்? நம்ம ஊர்ப் பெண்களைப் பாருங்க. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கினாங்க. அங்கிருந்த மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இரண்டு பேரைக் கரைசேர்த்தாங்க. அந்தச் சுதந்திர தினத்தில் தமிழ்நாடு அரசு அவங்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொடுக்கும் 'பாதுகாப்பான மீட்பு' இதுதான். குதிக்காதே. வீசு, நீட்டு, கத்தி ஆள் கூப்பிடு. சேலை, கயிறு, மூங்கில் கழி, மூடி போட்ட காலி தண்ணிக் கேன், எது கிடைச்சாலும் சரி.

இப்ப என் கருத்தை நேராவே சொல்றேன்.

"தண்ணிப் பக்கம் போனா காலை ஒடிச்சுடுவேன்" என்று மிரட்டி வளர்ப்பது பாதுகாப்பு இல்லை. அந்தப் பையன் போகத்தான் போறான். உங்களுக்குத் தெரியாம, நீச்சல் தெரியாம, பெரியவங்க இல்லாத நேரமாப் பார்த்துப் போவான். தடை போட்டா ஆபத்து குறையாது, ஒளிஞ்சுக்கும்.

நம்ம தாத்தா காலத்தில் இப்படி இல்லை. இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, கயிற்றின் ஒரு முனையை மேலே ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு, கிணத்துல இறக்கி நீச்சல் பழக்கினாங்க. யோசிச்சுப் பாருங்க, சுரைக்குடுக்கைதான் மிதவை அங்கி. மேலே கயிறு பிடிச்ச மாமாதான் மீட்புப் படகு. ஒலிம்பிக் படகில் இருக்கும் நாலு விஷயமும் நம்ம கிணத்து மேட்டில் இருந்தது. இடையில் நாமதான் விட்டுட்டோம்.

இதுக்கு வழக்கமா வரும் மூன்று எதிர்ப்புகளுக்கும் இங்கேயே பதில் சொல்லிடறேன்.

"நீச்சல் கத்துக்கிட்டா தைரியம் வந்து இன்னும் ஆழத்துக்குப் போவாங்களே?"

நியாயமான பயம். அதனால்தான் வெறும் நீச்சல் போதாது, எப்ப இறங்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லித்தரணும். பாய்மரப் போட்டியில் காற்று அளவு மீறினா ரேஸையே நிறுத்தி வைப்பாங்க. நிறுத்தாவிட்டாலும், இறங்கலாமா வேண்டாமா என்ற முடிவு அந்தப் படகோட்டியின் பொறுப்பு என்று விதி சொல்லுது. ஒகேனக்கல்ல நீர்வரத்து கூடினதும் மாவட்ட நிர்வாகம் பரிசலை நிறுத்துது. "இவ்வளவு தூரம் வந்தோமே"ன்னு பரிசல் ஓட்டிகிட்டயும் போலீஸ்கிட்டயும் சண்டை போடுறோம். லைஃப் ஜாக்கெட்டைக் கொடுத்தா செல்ஃபிக்காகக் கழட்டுறோம். ஒலிம்பிக் வீரருக்கு இல்லாத தைரியம் நமக்கு எதுக்கு?

"இதெல்லாம் பணக்காரங்க விளையாட்டு டாக்டர்."

படகு விலை அதிகம், ஒத்துக்கறேன். ஆனா 2023-ல் நடந்த ஹாங்சோ ஆசியப் போட்டியில் தனி ஆள் படகில் வெள்ளி வாங்கிய நேஹா தாக்கூர், மத்தியப் பிரதேசம் தேவாஸ் மாவட்டத்து விவசாயி மகள். அப்ப அவருக்கு 17 வயது. மத்தியப் பிரதேசத்தில் கடல் ஏது? போபால் நகரத்து ஏரியில் பயிற்சி. ஹைதராபாத்தில் ஹுசைன் சாகர் ஏரியில், வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளை அங்குள்ள கிளப் ஒண்ணு பயிற்சி கொடுத்துத் தேசியப் போட்டிகளுக்கு அனுப்புது. டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் ஓட்டிய விஷ்ணு சரவணன் பிறந்தது வேலூரில். ராணுவ வீரர். அங்கேயும் கடல் இல்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை வைத்திருக்கும் தமிழ்நாட்டில், பாய்மரப் படகு என்றால் சென்னைத் துறைமுகத்தோடு முடிஞ்சுடணுமா? ஏரியே போதும்னு போபால் காட்டிடுச்சு.

"அப்ப எங்க ஊர்ல ஒலிம்பிக் வீரர் உருவாகிடுவாரா?"

உருவாகலாம், உருவாகாமலும் போகலாம். அது எனக்கு இரண்டாம் பட்சம். நூறு பிள்ளைகள் கத்துக்கிட்டா ஒருத்தர் சாம்பியன் ஆகலாம், ஆனா நூறு பேரும் மூழ்காம இருப்பாங்க. எனக்கு அந்த நூறுதான் வேணும்.

அதனால அரசுக்கு என் வேண்டுகோள், ஒரு அரசு ஊழியனாகவும்தான் கேட்கிறேன். மாவட்டத்துக்கு ஒரு பாதுகாப்பான நீர்நிலையைத் தேர்ந்தெடுங்க. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சலும் மீட்பும் பாடத்தோடு சேரட்டும். பரிசல் ஓட்டிகளை விட நல்ல பயிற்சியாளர்கள் எங்களுக்குக் கிடைக்க மாட்டாங்க, அவங்களுக்கு முறையான பயிற்சியும் சம்பளமும் கொடுத்துப் பயன்படுத்துங்க. பெண் பிள்ளைகளை விட்டுடாதீங்க. துணி துவைக்க, ஆடு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறது அவங்களும்தான்.

பெற்றோர்களுக்கு, டாக்டரா சில விஷயங்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்குங்க.

மூழ்குறவங்க சினிமா மாதிரி கையை ஆட்டிக் கத்த மாட்டாங்க. வாய் தண்ணிக்குள்ள இருக்கும்போது சத்தம் எப்படி வரும்? பெரும்பாலும் சத்தமில்லாம, ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடும். சின்னப் பிள்ளை தண்ணி அருகே இருந்தா கண்ணை எடுக்காதீங்க, போன் பார்க்காதீங்க.

வெளியே எடுத்ததும் தலைகீழாகத் தூக்கிச் சுத்தாதீங்க, வயித்தை அமுக்காதீங்க. வயித்துல இருக்கற தண்ணி நுரையீரலுக்குப் போகும், நேரமும் வீணாகும். மூச்சு நின்னு 4 முதல் 6 நிமிஷத்துக்குள்ள மூளை பாதிக்க ஆரம்பிச்சுடும்.

மூச்சு இல்லேன்னா, சமதரையில் மல்லாக்கப் படுக்க வைங்க. ஒருத்தர் 108-க்கு அடிக்கட்டும். தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து முதலில் 2 முதல் 5 முறை மூச்சு கொடுங்க. அப்புறம் நெஞ்சு நடுவில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 முறை அழுத்தி, 2 மூச்சு. ஆம்புலன்ஸ் வரும்வரை இதையே தொடருங்க.

பிழைச்சு எழுந்து உட்கார்ந்து பேசினாலும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. சில மணி நேரம் கழிச்சு மூச்சுத்திணறல் வரலாம். ஆஸ்பத்திரிக்கு வாங்க, கண்காணிப்பில் வைத்துப் பார்த்து அனுப்புவோம்.

வலிப்பு நோய் உள்ளவங்க தனியாக ஆற்றிலோ கிணற்றிலோ இறங்கவே கூடாது. குடிச்சிட்டு யாருமே கூடாது.

காட்டில் கிணறு வைத்திருக்கும் விவசாயிகளே, சுற்றுச்சுவரும், உள்ளே ஒரு கயிறும், ஏற ஒரு படிக்கட்டும் போட்டு வைங்க. உங்க பிள்ளைக்கு இல்லேன்னாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு.

அடுத்த ஒலிம்பிக் 2028-ல் லாஸ் ஏஞ்சலிஸ்ல. பாய்மரப் படகு ரேஸ் டிவியில் வந்தா சேனல் மாத்தாம உங்க பசங்களைப் பக்கத்துல உட்கார வச்சுப் பாருங்க. யாரு ஜெயிக்கிறாங்கன்னு மட்டும் பார்க்க வேண்டாம். விழுந்ததும் எப்படி எழுந்திருக்கிறாங்க, கூட இருக்கற ஆளை முதல்ல எப்படித் தேடுறாங்கன்னு காட்டிக் கொடுங்க. அப்படியே கையோட இந்த லீவுல நீச்சல் கத்துக்க அனுப்பிடுங்க.

பிடிச்சிருந்தா, பள்ளிப் பிள்ளைகள் இருக்கற ஒரு வீட்டுக்காவது இதைப் பகிருங்க.


அரசு மருத்துவர், தருமபுரி மாவட்டம்.